சின்னவ எழுதின பம்ப்

எனக்கு அவ மேல பொறாமை. இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் நடுவுல கண்டுபிடிச்ச மாதிரி மூஞ்சியை வெச்சுக்க வேண்டாம். அவ என் கொழுந்தன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. வீட்ல எல்லாருக்கும் அவ சின்னவ, நான் பெரியவ. போன மாசம் ஆபீஸ் மலருக்கு, "அவங்களைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், நீங்கதானே சொந்தக்காரங்க"ன்னு கேட்டாங்க. எழுதிக் குடுத்தேன். உழைப்பாளி, பழக இனிமையானவங்க, எல்லாரையும் அரவணைச்சுப் போவாங்கன்னு சர்க்கரை தடவி ரெண்டு பக்கம். ஃபோட்டோவோட வந்துடுச்சு. அதுல எழுத முடியாததை இங்க எழுதறேன்.

எங்க கம்பெனி மருந்து ஏத்தற பம்ப் செய்யுது. ஆஸ்பத்திரியில தீவிர சிகிச்சைப் பிரிவுல கட்டிலுக்குப் பக்கத்துல கம்பியில மாட்டியிருப்பாங்களே, ஊசிக்குழலைப் படுக்க வெச்சு மருந்தைத் துளித்துளியாத் தள்ளுமே, அந்தப் பெட்டி. உள்ள ஒரு சின்ன மோட்டார். செகண்டுக்கு இருநூறு தடவை அதுகிட்ட "ஒரு அடி நகரு"ன்னு சொல்லணும். வரிசையா மூணு தடவை சொல்ல விட்டுப்போச்சுன்னா பெட்டி தானா நின்னுடும், அலாரம் அடிக்கும். நர்ஸ் ஓடி வந்து திரும்ப ஆரம்பிக்கற வரைக்கும் உள்ள ஒரு சொட்டு போகாது. இதயத்தைத் தாங்கிப் பிடிச்சிருக்கற மருந்தா இருந்தா அந்த ஒரு நிமிஷத்துலயே எல்லாம் ஆயிடலாம். அதனால எங்க தொழில்ல ஒரே சட்டம்தான். மோட்டார் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

அந்த "நகரு"வைச் சொல்ற புரோகிராமை பத்தொன்பது வருஷம் முன்னாடி எழுதினது நான். என்னோட முறை ரொம்ப சிம்பிள். பெட்டியைப் போட்டதும் தேவையான மெமரி மொத்தத்தையும் எடுத்து வெச்சுக்கணும். அதுக்கப்புறம் பாதியில யார்கிட்டயும் "கொஞ்சம் இடம் குடு"ன்னு கை நீட்டக் கூடாது. ஒரே வேலை, வரிசை மாறாம, திரும்பத் திரும்ப. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை கூட மோட்டார் நின்னதில்ல. ஆனா திரையில புதுசா ஒரு பட்டன் வேணும்னா ஆறு மாசம் ஆகும், ஏன்னா ஒண்ணைத் தொட்டா ஒன்பது நகரும். தொடறதுக்கு என்னை விட்டா ஆளும் கிடையாது. அதுல எனக்கு ஒரு கெத்து இருந்தது, இல்லைன்னு சொல்லி என்ன ஆகப் போகுது?

இவளைக் கம்பெனிக்குள்ள கூட்டிக்கிட்டு வந்ததே நான்தான். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, அதேதான். கல்யாணமாகி எங்க வீட்டு மாடிக்குக் குடி வந்தா. அப்ப ஒரு தொழிற்சாலையில, பெயிண்ட் அடிக்கிற இயந்திரக் கைக்குப் புரோகிராம் எழுதிக்கிட்டிருந்தா. போக வர மூணு மணி நேரம். "பாவம்டி, உங்க ஆபீஸ்ல ஏதாவது இருந்தா பாரேன்"னு அத்தை சொன்னாங்க. நானும் பெரிய மனசு பண்ணி மேனேஜர்கிட்ட சொன்னேன்.

வந்த ரெண்டாவது வாரமே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சாச்சு.

அவளைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. நின்னுக்கிட்டே சாப்பிடுவா, அஞ்சே நிமிஷம். அலமாரியைத் திறந்தா மூட மாட்டா. மேசையைப் பார்த்தா சந்தைக்கடை தோத்துடும். தெரியாததைத் தெரியாதுன்னு கூசாம கேட்பா, அதுவும் பத்து பேர் முன்னாடி. அதை விட இன்னொண்ணு. தான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா அதை ஒளிச்சு வெக்கத் தெரியாது. ஹாலுக்கு நடுவுல எழுந்து நின்னு, "நான் ஒரு முட்டாள்தனம் பண்ணி வெச்சிருக்கேன், வந்து பாருங்க!"ன்னு கூவுவா. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஓடுவாங்க. என் தப்பை நானா சொல்லி நாலு பேர் சுத்தி நின்னு சிரிச்சாங்கன்னா, நான் அன்னைக்கே வேலையை விட்டிருப்பேன்.

அவ அப்பா பஸ் கண்டக்டர். ரெண்டு ரூம் வீடு, எட்டு பேர், ஒரே பாத்ரூம். இது எனக்கு எப்படித் தெரியும்னா, புது ஆளுங்களுக்கு வகுப்பெடுக்கும்போது அவளே சொன்னா. வகுப்பு எடுக்கறது அது வரைக்கும் என் வேலை. நான் பலகையில கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு புரோகிராமுக்குள்ள பல த்ரெட், அதாவது பல வேலைக்காரங்க, ஒரே நேரத்துல ஓடறதையும், அவசர வேலைக்காரன் சாதா வேலைக்காரனுக்காகக் காத்து நிக்கற கோளாறையும் விளக்குவேன். எல்லாம் மண்டையை ஆட்டும், ஒண்ணுக்கும் புரியாது. இவ எழுந்தா.

"எங்க வீட்ல எங்கப்பாவுக்குத்தான் முதல் பஸ். அவர் அவசரம்தான் பெரிய அவசரம். ஆனா பாத்ரூமுக்குள்ள இருக்கறது என் கடைசி அண்ணன். அவனுக்கு எந்த அவசரமும் கிடையாது. நடு அண்ணன் வெளிய நின்னு அவன்கிட்ட கிரிக்கெட் கதை பேசிக்கிட்டிருப்பான். உள்ள இருக்கறவன் குளிக்கறதை விட்டுட்டுக் கதை கேட்பான். அப்பா துண்டோட நிப்பார். இப்ப அப்பாவை நிறுத்தி வெச்சது யாரு? பாத்ரூமே தேவைப்படாத அந்த நடு அண்ணன்!" ஹால் முழுக்க சிரிப்பு. "அதுக்கு எங்கம்மா ஒரு சட்டம் போட்டாங்க. அப்பா வந்து வாசல்ல நின்னுட்டா, உள்ள இருக்கறவன் அந்த நேரத்துக்கு அப்பாவுக்குச் சமம். அவன்கிட்ட எவனும் பேச்சுக் குடுக்கக் கூடாது. வெளிய வந்ததும் பழையபடி அவன் கடைசிப் பையன்தான். காத்திருக்கறவரோட அவசரத்தை உள்ள இருக்கறவனுக்குக் கடன் குடுக்கறோம், அவ்ளோதான்."

பன்னெண்டு வருஷமா நான் மண்டையில ஏத்த முடியாததை ரெண்டே நிமிஷத்துல ஏத்திட்டா. ஒருத்தன் கை தட்டினான். நானும் தட்டினேன், வேற வழி?

புது பம்ப் செய்யணும்னு மேலிடத்துல முடிவாச்சு. பெரிய திரை, நிறைய பட்டன், நர்ஸ் விரலால தள்ளித்தள்ளி பழைய கணக்கெல்லாம் பார்க்கணும். என் முறையில எழுதினா நாலு வருஷம்னு நானே சொன்னேன். இவ தன் பழைய வேலையில கத்துக்கிட்ட புது மொழியைக் கொண்டு வந்தா. அதுல மெமரியை நாம எடுத்து வெக்க வேண்டாம். பொதுவா ஒரு பெரிய தளம். யாருக்கு எவ்ளோ இடம் வேணுமோ எடுத்துக்கலாம், வேலை முடிஞ்சா அப்படியே போட்டுட்டுப் போகலாம். அப்பப்ப ஒருத்தன் வந்து பெருக்குவான். "பெருக்கறவன் வந்தா தளத்துல நிக்கற எல்லாரும் காலைத் தூக்கிக்கிட்டு அசையாம நிக்கணும்"னு அவளே சொல்வா.

"அப்ப மோட்டாரும் நிக்குமே? வெளங்கிடும்!"னேன்.

"மோட்டார் அந்தத் தளத்துலயே நிக்காது அக்கா. அதுக்கு மட்டும் லாட்ஜ் ரூம் மாதிரி தனி இடம். உள்ள போனா பையைப் பிரிக்கலாம், துணியைப் பரப்பலாம். கிளம்பும்போது ரூம் மொத்தமும் காலி. பெருக்கறவனுக்கு அந்த ரூம் பக்கமே வேலை கிடையாது. உள்ள விட்டுட்டு வந்ததை 'அது என்னோடது'ன்னு வெளிய இருந்து யாரும் கேட்கக் கூடாது, அது ஒண்ணுதான் நிபந்தனை."

நல்லாத்தான் இருந்தது. அதுதானே என் கோபம். எனக்கு ஆறு மாசம் ஆகற பட்டன் அவளுக்கு ஒன்பது நாள்ல முடிஞ்சது. வீட்டுக்கு வந்தா அத்தை டிவியை அணைச்சுட்டு, "சின்னவ பெட்டி எது வரைக்கும் வந்திருக்கு?"ன்னு என்னைக் கேட்பாங்க. பத்தொன்பது வருஷம் நான் செஞ்சதுக்குப் பேர் ஆபீஸ் வேலை. அவ செஞ்சா அது சின்னவ பெட்டி. "நீ ஏன் தட்டைப் போட்டு உடைக்கற மாதிரி வெக்கற?"ன்னு எங்க வீட்டுக்காரர் வேற. காதுல புகை வராத குறைதான்.

எங்க கம்பெனியில ஒருத்தர் எழுதின புரோகிராமை இன்னொருத்தர் வரிக்கு வரி படிச்சுக் கையெழுத்து போடணும். போட்டாத்தான் அடுத்த கட்டம். அவ மோட்டார் பகுதியைப் படிக்க வேண்டியது நான். அவளே மேனேஜர்கிட்ட போய், "அக்காதான் படிக்கணும்"னு கேட்டு வாங்கினாளாம்.

நாலு நாள் படிச்சேன். எப்படிப் படிச்சேன்னா, மாமியார் மருமக பாத்திரம் தேய்ச்சதைப் பார்க்கற மாதிரி. தப்பு கிடைக்கல. கிடைக்கக் கிடைக்க இல்ல, கிடைக்காம போகப் போகத்தான் எரிச்சல். அவ்ளோ தெளிவா எழுதியிருந்தா. நாலாவது நாள் மதியம் சாப்பிட்டு வந்து உக்காந்தேன், முந்நூத்திப் பதினாறாவது வரி.

மோட்டார் ஒவ்வொரு அடி நகர்ந்ததும் ஒரு பட்டியல்ல "நகர்ந்தாச்சு"ன்னு எழுதும். அதே பட்டியலைப் படிச்சுத்தான் திரையைப் பார்த்துக்கற த்ரெட் நர்ஸுக்குக் காட்டும். ரெண்டும் ஒரே நேரத்துல கை வெச்சா எழுத்து குழம்பிடும்னு பட்டியலுக்கு ஒரு பூட்டு போட்டிருந்தா, ஒரே சாவி. திரைக்காரன் சாவியை வெச்சிருக்கும்போது மோட்டார் வந்தா என்ன ஆகும்? அதுக்குத்தான் பாத்ரூம் சட்டம் போட்டிருக்காளே, திரைக்காரனுக்கு அந்த நேரம் மோட்டாரோட அவசரம் வந்துடும், சட்டுன்னு முடிச்சுட்டுச் சாவியைக் குடுத்துடுவான். அது சரி. ஆனா திரைக்காரன் நிக்கறது பொதுத் தளத்துல. கையில சாவியோட அவன் நிக்கும்போது பெருக்கறவன் வந்துட்டா? அப்பாவோட அவசரமாவது, தாத்தாவோட அவசரமாவது! தளத்துல இருக்கறவன் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கத்தான் வேணும். முப்பது மில்லிசெகண்ட். அது வரைக்கும் தனி ரூம்ல ராஜா மாதிரி இருந்த மோட்டார், சாவிக்காக வாசல்ல நிக்கும். மூணு அடி இல்ல, ஆறு அடி தவறும். அலாரம்.

தன் சட்டத்து மேல இருந்த நம்பிக்கையிலயே அவ அந்த ஓட்டையைப் பார்க்கல. என் முறையில எழுதற யாருக்கும் இந்தத் தப்பு வரவே வராது, ஏன்னா எங்ககிட்ட பெருக்கறவனே கிடையாது.

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. சத்தியமா. அவ சீட்டுக்குப் போய் "இங்க பாரு"ன்னு சொல்ல பத்தடி தூரம். போகல. அடுத்த வாரம் எழுபத்திரெண்டு மணி நேர டெஸ்ட் இருக்கு, மேலிடத்து ஆளுங்க எல்லாம் வந்து நிப்பாங்க, அங்க நடு ஹால்ல அலாரம் அடிக்கட்டும். சின்னவ பெட்டி நிக்கட்டும். நான் சொல்லி அவ ஒரு மணி நேரத்துல திருத்திட்டா யாருக்குத் தெரியப் போகுது? மூக்கு உடையட்டும். டெஸ்ட்தானே, கட்டில்ல யார் படுத்திருக்கா? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டு, கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டேன். குறை ஏதும் இல்லைன்னு எழுதி, தேதியும் போட்டேன்.

டெஸ்ட் நடந்தது. எட்டு பம்ப், மூணு நாள். டெஸ்ட் பண்ற மனுஷனுக்கு ஸ்டாப்வாட்ச்னு பேர், டீ ஆறறதுக்குக் கூட நேரம் பார்க்கற ஆள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தாளைக் கொண்டு வந்து வெச்சார். ஒரு அடி கூடத் தவறல.

தாளை இழுத்து ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் புரிஞ்சது. மூணு நாளும் பம்ப் பாட்டுக்கு மருந்து தள்ளிக்கிட்டிருந்தது, திரையை யாரும் தொடவே இல்ல. யாராவது விரலால புரட்டினாத்தான் பொதுத் தளத்துல குப்பை சேரும், பெருக்கறவன் வருவான். இங்க அவனுக்கு வேலையே வரல.

ஸ்டாப்வாட்ச் சொன்னார், "எனக்கு இன்னும் மூணு நாள் குடுங்க. திரையை விடாம அழுத்தி ஒரு டெஸ்ட் பண்ணிடறேன்."

மேனேஜர் காலண்டரைப் பார்த்தார். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணுமே. வண்டியெல்லாம் சொல்லியாச்சு."

"வேண்டாம் சார்"னு சின்னவ சொன்னா. "அந்தப் பகுதியை அக்கா நாலு நாள் உக்காந்து படிச்சிருக்காங்க. அவங்க ஒண்ணும் சொல்லலைன்னா அங்க ஒண்ணும் இல்ல."

எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. அந்த இடத்துல நான் வாயைத் திறந்திருக்கணும். தண்ணி பாட்டிலை எடுத்துக் குடிச்சேன். முழு பாட்டிலையும் குடிச்சேன். நான் குடிச்சு முடிக்கறதுக்குள்ள மேனேஜர் "அப்ப சரி"ன்னு எழுந்துட்டார்.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். எந்த வார்டுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியும். பிறந்து மூணு நாலு நாள் ஆன குழந்தைங்க. திரையை யார் அழுத்துவா? அங்க இருக்கற ஒவ்வொரு நர்ஸும் அழுத்துவா, மணிக்கு நாலு தடவை. "எனக்கென்ன, எழுதினது அவ"ன்னு சொல்லிப் பார்த்தேன், ஒட்டல. சொல்லிடலாம்னா, எப்ப பார்த்தேன்னு கேட்பாங்களே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில துணிக் கூடையோட இறங்கி வந்தா. "அக்கா, நீங்க கையெழுத்து போட்ட அப்புறம்தான் எனக்கு நிம்மதி. அது வரைக்கும் ராத்திரியெல்லாம் எழுந்து அதையே திரும்பப் படிச்சுக்கிட்டிருந்தேன்"ன்னா. பாவி, அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்கு அவளை ஓங்கி ஒண்ணு குடுக்கணும் போல இருந்தது.

திங்கக்கிழமை காலைல பார்சல் கட்டற ரூமுக்குப் போனேன். எட்டு பம்ப்புல ஏழை அட்டைப்பெட்டியில வெச்சு டேப் ஒட்டியாச்சு. எட்டாவதை அவ கையில பிடிச்சுக்கிட்டு, தெர்மோகோல் துண்டு உள்ள சரியாப் பொருந்தலைன்னு திருப்பித் திருப்பி வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. ஸ்டாப்வாட்ச் பெட்டி நம்பரை எழுதிக்கிட்டிருந்தார்.

"நில்லு. அனுப்பாத"ன்னேன். "பட்டியல் பூட்டு. திரைக்காரன் சாவியோட நிக்கும்போது பெருக்கறவன் வந்தா மோட்டார் நின்னுடும்."

அவ ஒரு செகண்ட்தான் யோசிச்சா. "எந்த வரி அக்கா?"

"முந்நூத்திப் பதினாறு."

பம்ப்பைக் கீழ வெச்சா. "பார்க்காமயே நம்பர் சொல்றீங்க." அப்புறம், மெதுவா, "எப்ப பார்த்தீங்க?"ன்னு கேட்டா.

நேத்துன்னு சொல்லியிருக்கலாம். குளிக்கும்போது திடீர்னு தோணுச்சுன்னு சொன்னா நம்பியிருப்பா, கட்டிக்கூடப் பிடிச்சிருப்பா. அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"கையெழுத்து போட்ட அன்னைக்கு. போடறதுக்கு முன்னாடி."

ஏன்னு அவ கேட்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். தெர்மோகோல் துண்டைத் தூக்கி ஓரமாப் போட்டா. அப்புறம் திரும்பி, எப்பவும் ஹால்ல கூவற அதே குரல்ல, "நான் ஒரு முட்டாள்தனம் பண்ணி வெச்சிருக்கேன்! டேப்பைப் பிரிங்க எல்லாத்தையும்!"னு கத்தினா. நான்னுதான் சொன்னா. மேனேஜர்கிட்டயும் அப்படியேதான் சொன்னா. ஸ்டாப்வாட்ச் காதுல நான் சொன்னது விழுந்துச்சோ இல்லையோ, அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சு ஒட்டின டேப்பைப் பிரிச்சுக்கிட்டிருந்தார்.

அன்னைக்கே திரையை அழுத்தி டெஸ்ட் பண்ணாங்க. நாப்பதாவது நிமிஷம் முதல் பம்ப் நின்னது, அலாரம் அடிச்சது. அவ பூட்டையே எடுத்துட்டா. மோட்டார் இப்ப ஒரு தபால் பெட்டியில சீட்டைப் போட்டுட்டுத் தன் வழியில போயிடும், திரைக்காரன் தனக்கு எப்ப முடியுமோ அப்ப எடுத்துப்பான். யாரும் யாருக்காகவும் நிக்க வேண்டாம். பதினோரு நாள் கழிச்சு பம்ப் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் நிக்கல.

பம்ப் போன அன்னைக்கு சாயங்காலம் அவ என் மேசைக்கு வந்தா. நிக்கற மாதிரி வந்தவ உக்காந்தா, என் மேசை முன்னாடி அவ உக்காந்து நான் பார்த்ததே இல்ல.

"இனிமே என் புரோகிராமை நீங்க படிக்க வேண்டாம் அக்கா. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், உங்களுக்கு வேலை அதிகம்னு."

"ம்"னேன்.

வீட்ல எதுவும் மாறல. அக்கான்னு கூப்பிடறா, அத்தைக்கு மாத்திரை எடுத்து வெக்கறா, அலமாரியைத் திறந்து போட்டுட்டுப் போறா. நடந்ததை அவ புருஷன்கிட்ட கூடச் சொல்லலைன்னு நினைக்கறேன், சொல்லியிருந்தா அவன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். சும்மா சொல்லக் கூடாது, அவளை மாதிரி என்னால இருக்க முடியாது. அதுவும் எரியத்தான் செய்யுது.

அவ எழுதறதை இப்ப ஸ்டாப்வாட்ச்தான் படிக்கறார். அந்த மனுஷனுக்கு நேரம் பார்க்கத் தெரியும், புரோகிராம் படிக்க என் அளவுக்குத் தெரியாது. நேத்து அவ தாளோட அவர் மேசைக்குப் போய் நின்னு, "ஏதாவது கிடைச்சுதா?"ன்னு கேட்டா. பயமும் ஆசையுமா, பரீட்சைப் பேப்பர் வாங்கற பிள்ளை மாதிரி அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்படி அவ என் முன்னாடியும் நின்னிருக்கா, நாலு நாள் நின்னிருக்கா. நான் அப்ப தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்ல. எனக்கு இப்ப பொறாமை அந்த ஸ்டாப்வாட்ச் மேல.